மூன்று மில்லிநொடிக்கு ஒரு முகவரி: எஃப்ஆர்பி 121102 வழக்கு

வானத்தில் ஏதோ ஒன்று மூன்று மில்லிநொடி மின்னி மறைந்தது என்று சொல்லிவிடலாம். அது எந்த விண்மீன் மண்டலத்திலிருந்து மின்னியது என்று சொல்வதுதான் பெரும்பாடு. சில மில்லிநொடிகளே நீடிக்கும் இத்தகைய மின்னல்களுக்கு அதிவேக ரேடியோ வெடிப்புகள் (ஆங்கிலச் சுருக்கம் எஃப்ஆர்பி) என்று பெயர். அவை பற்றிய முதல் ஆய்வுக் கட்டுரை 2007-இல் வெளியானது. அவற்றில் ஒன்றின் பிறப்பிடத்தை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிய கட்டுரை 2017 ஜனவரியில்தான் வந்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் தொலைவு பற்றிய ஊகங்கள் ஏராளம். உறுதியான முகவரி ஒன்றுகூட இல்லை. அந்த முதல் முகவரி எப்படிக் கிடைத்தது, அதை ஏன் நம்பலாம், அது எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை என்பவற்றை இங்கே பார்க்கிறோம். வெடிப்பின் பெயர் எஃப்ஆர்பி 121102. பெயரிலுள்ள எண், அது பதிவான 2012 நவம்பர் 2-ஐக் குறிக்கிறது.

ஒற்றைத் தட்டின் எல்லை

கதை ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் தொடங்குகிறது. 2001 ஜூலை 24 அன்று பதிவான தரவு ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிக்காமல் கிடந்தது. டங்கன் லோரிமரும் அவருடைய மாணவர் டேவிட் நார்கெவிச்சும் அதைத் தோண்டியபோது, ஐந்து மில்லிநொடிக்கும் குறைவான, மிகப் பிரகாசமான ஒரு துடிப்பு கிடைத்தது. அது வெகு தொலைவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கருதியதற்குக் காரணம், துடிப்பு வந்து சேர்ந்த விதம்.

ரேடியோ அலைகள் வெற்றிடத்தில் ஒரே வேகத்தில் செல்லும். ஆனால் விண்மீன்களுக்கும் விண்மீன் மண்டலங்களுக்கும் இடையே எலக்ட்ரான்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றினூடே வரும்போது தாழ்ந்த அதிர்வெண் அலைகள் சற்றுப் பின்தங்குகின்றன. புறப்படும்போது ஒன்றாகப் புறப்பட்ட துடிப்பு, வந்து சேரும்போது உயர் அதிர்வெண் முன்னும் தாழ் அதிர்வெண் பின்னுமாக இழுபட்டு வருகிறது. எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பதைப் பிரிகை அளவு என்கிறோம். வழியில் கடந்த எலக்ட்ரான்களின் மொத்தக் கணக்கு அது. எஃப்ஆர்பி 121102-க்கு இந்த அளவு சுமார் 557. அது வந்த திசையில் நமது பால்வழி மண்டலம் முழுவதும் சேர்ந்தாலும் 188 அளவுக்குத்தான் எலக்ட்ரான்கள் உண்டு என்பது அப்போதைய மாதிரியின் கணக்கு. மீதி எங்கிருந்து வந்தது? மண்டலத்துக்கு வெளியிலிருந்து என்றால் துடிப்பும் வெளியிலிருந்து வந்ததாகிறது.

இந்த வாதம் வலுவானதுதான், ஆனால் ஓட்டை இல்லாதது அல்ல. மூலப் பொருளைச் சுற்றியே அடர்ந்த எலக்ட்ரான் மேகம் இருந்தால் அதுவும் பிரிகை அளவை ஏற்றிவிடும். பார்க்ஸ் தொலைநோக்கியில் 'பெரிட்டான்' என்ற பெயரில் பதிவான சில போலித் துடிப்புகள், அந்த வளாகத்து மைக்ரோவேவ் அடுப்பின் கதவை ஓடும்போதே திறந்ததால் எழுந்தவை என்று 2015-இல் தெரியவந்தது. உண்மையான வெடிப்புகளும் அப்படி ஏதேனும் ஒன்றாக இருக்குமோ என்ற சந்தேகம் அதற்கு முன்பே துறையில் பரவியிருந்தது. இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கக்கூடியது இடம் ஒன்றுதான்.

அந்த இடத்தைத்தான் பெரிய ஒற்றைத் தட்டுத் தொலைநோக்கியால் சொல்ல முடியவில்லை. எஃப்ஆர்பி 121102-ஐப் பதிவு செய்தது போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கி, 305 மீட்டர் விட்டம் கொண்டது. அவ்வளவு பெரிய தட்டுக்கும் வானில் சுமார் மூன்றரை வில்நிமிட அகலமுள்ள வட்டத்துக்குள் எங்கே துடிப்பு விழுந்தது என்று பிரித்தறியத் தெரியாது. (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வில்நிமிடம், அதன் அறுபதில் ஒரு பங்கு வில்நொடி.) அந்த வட்டத்துக்குள் மங்கலான விண்மீன் மண்டலங்கள் நூற்றுக்கணக்கில் அடங்கும். போதாக்குறைக்கு இந்தத் திசை பால்வழியின் தளத்தின் மீதே அமைகிறது. நமது தூசியினூடே எட்டிப் பார்க்க வேண்டிய இடம்.

மீண்டும் ஒலித்தது

லாரா ஸ்பிட்லர் தலைமையிலான குழு 2014-இல் இந்த வெடிப்பை அறிவித்தது. 2015 மே, ஜூன் மாதங்களில் அரெசிபோ மீண்டும் அதே இடத்தைப் பார்த்தது. அந்தத் தரவை மெக்கில் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் பால் ஷோல்ஸ் நவம்பர் 5 அன்று சலித்தபோது, அதே பிரிகை அளவுள்ள துடிப்புகள் மேலும் பத்து கிடைத்தன. 2016 மார்ச்சில் வெளியான இந்த முடிவுக்கு இரண்டு விளைவுகள் இருந்தன.

முதலாவது, இந்தப் பொருள் வெடித்துச் சிதறி அழிந்துபோன ஒன்று அல்ல. இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதின, ஒரு விண்மீன் கருந்துளையாக இடிந்தது என்ற விளக்கங்கள் எல்லாம் ஒருமுறைதான் நடக்கக்கூடியவை. குறைந்தது இந்த ஒன்றுக்கு அவை பொருந்தா. இரண்டாவது விளைவுதான் நமது வழக்குக்கு முக்கியம்: திரும்பத் திரும்ப ஒலிப்பதற்காகக் காத்திருக்கலாம். எங்கே, எப்போது மின்னும் என்று தெரியாத ஒன்றைக் கூர்மையான கண்ணால் பார்க்க முடியாது, ஏனென்றால் கூர்மையான கண்ணின் பார்வைப் பரப்பு சிறியது. மீண்டும் மின்னும் என்று தெரிந்த இடத்தில் அதைக் குறி வைத்துக் காத்திருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை

இதே காலத்தில் இன்னொரு வழி முயலப்பட்டது. அது ஏன் தவறியது என்பதைப் பார்த்தால்தான் 121102-இன் முகவரி ஏன் உறுதியானது என்பது புரியும். 2015 ஏப்ரல் 18 அன்று பார்க்ஸ் ஒரு வெடிப்பைப் பிடித்தது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆஸ்திரேலியாவின் வேறொரு ரேடியோ தொலைநோக்கித் தொகுதி அந்த வட்டாரத்தைப் பார்க்கத் தொடங்கியது. அங்கே ஒரு ரேடியோ மூலம் ஆறு நாட்களில் மங்கியது. வெடிப்பின் பின்னொளி அதுதான், அது இருந்த நீள்வட்ட விண்மீன் மண்டலமே பிறப்பிடம் என்று 2016 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அதன் செம்பெயர்ச்சி, அதாவது அண்டம் விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்து தொலைவைக் காட்டும் அளவு, 0.492 என்றும் அளந்தார்கள்.

சில நாட்களிலேயே பீட்டர் வில்லியம்ஸும் எடோ பெர்கரும் அந்த மூலம் மீண்டும் பிரகாசமாகியிருப்பதைக் காட்டினார்கள். பின்னொளி மங்கிய பிறகு திரும்ப எழாது. அது அந்த மண்டலத்தின் நடுவிலுள்ள பெருங்கருந்துளையின் வழக்கமான ஏற்ற இறக்கம் என்பதே பொருத்தமான விளக்கம். வெடிப்போடு அதற்கு எந்தத் தொடர்பும் தேவையில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, அந்த அளவீடுகளில் பிழை இல்லை என்பதுதான். மங்கியது உண்மை, செம்பெயர்ச்சியும் உண்மை. ஆனால் வெடிப்பின் இடத்தை யாரும் அளக்கவில்லை. வெடிப்பு வந்திருக்கக்கூடிய பெரிய வட்டத்துக்குள் ஆர்வமூட்டும் ஒன்றைத் தேடி, கிடைத்ததை வெடிப்போடு முடிச்சுப் போட்டார்கள். வானத்தில் மாறிக்கொண்டே இருக்கும் ரேடியோ மூலங்கள் நிறைய உண்டு. பெரிய வட்டத்துக்குள் தேடினால் ஏதாவது ஒன்று அகப்படாமல் இருக்காது. வெடிப்பையே, அந்த மூன்று மில்லிநொடியையே, படமாகப் பிடித்தாக வேண்டும்.

நொடிக்கு 200 படங்கள்

நியூ மெக்சிகோவின் சான் அகஸ்டின் சமவெளியில் விஎல்ஏ என்ற தொலைநோக்கித் தொகுதி இருக்கிறது. 25 மீட்டர் தட்டுகள் 27. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 351 இணைகள். ஒவ்வோர் இணையும் ஒரே அலை தன் இரு தட்டுகளுக்கும் எவ்வளவு முன்பின்னாக வந்தது என்பதை ஒப்பிடுகிறது. இந்த ஒப்பீடுகளைச் சேர்த்துக் கணினியில் படம் வரைந்தால், தட்டுகளுக்கு இடையேயுள்ள கிலோமீட்டர் கணக்கான தொலைவே விட்டமாக அமைந்த ஒரு தொலைநோக்கியின் கூர்மை கிடைக்கும்.

வழக்கமாக இப்படிப்பட்ட படத்துக்கு நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில் ஒளி சேர்ப்பார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஷமி சாட்டர்ஜி தலைமையிலான குழுவுக்குத் தேவைப்பட்டது நேர் எதிரானது: ஐந்து மில்லிநொடிக்கு ஒரு படம். நொடிக்கு 200, மணிக்கு 7,20,000 படங்கள். இதற்கான மென்பொருளின் முதன்மைப் படைப்பாளி கேசி லா. தரவு மணிக்கு ஒரு டெராபைட் அளவில் குவிந்தது.

படத்தைப் பிடிப்பதோடு வேலை முடியவில்லை. பிரிகையை இங்கே சற்று அருகில் பார்க்கலாம். அவர்கள் கவனித்த அலைவரிசை 2.5 முதல் 3.5 ஜிகாஹெர்ட்ஸ் வரை. பிரிகை அளவு 557 என்றால், இந்தப் பட்டையின் மேல்விளிம்பில் துடிப்பு வந்து சுமார் 180 மில்லிநொடி கழித்தே கீழ்விளிம்பில் வரும். அதாவது சில மில்லிநொடித் துடிப்பு ஒன்று ஏறத்தாழ 36 படங்களில் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு படத்திலும் ஒரு மெல்லிய அதிர்வெண் கீற்று மட்டும். சிதறியதை அப்படியே தேடினால் எதுவும் தெரியாது. பட்டையை 256 தடங்களாகப் பிரித்து, ஒவ்வொரு தடத்தையும் அதற்குரிய தாமதத்தால் முன்னே இழுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய பிறகுதான் படம் வரைய வேண்டும். அடுக்கியது சரியாக அமைந்தால் இருண்ட பரப்பின் நடுவே ஒற்றைப் புள்ளி எழும். செயற்கைக்கோள், கைபேசிக் கோபுரம் போன்றவற்றின் இரைச்சல் இந்த முறையில் எளிதில் சிக்கிக்கொள்கிறது. அது வானத்தில் ஒரே புள்ளியாகக் குவியாது, படம் முழுக்கக் கோடும் அலையுமாகப் பரவும். ஒற்றைத் தட்டில் பத்தாண்டுகள் அலைக்கழித்த போலித் துடிப்புச் சிக்கலை, படம் பிடிக்கும் முறை இவ்வளவு நேராகத் தீர்த்துவிட்டது.

முதல் பல மணி நேரங்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆறு மாதங்களில் பரவிய கவனிப்பு மொத்தம் 83 மணி நேரம். 2016 ஆகஸ்ட் 23 அன்று முதல் புள்ளி எழுந்தது. அதற்குப் பிறகு வந்தவற்றையும் சேர்த்து ஒன்பது. ஒன்பதும் ஒரே இடத்தில், சுமார் 0.1 வில்நொடித் துல்லியத்தில்.

அந்த இடத்தில் இன்னொன்றும் இருந்தது. வெடிப்பு இல்லாத நேரத்திலும் அணையாமல் எரியும் மங்கலான ரேடியோ மூலம், சுமார் 180 மைக்ரோஜான்ஸ்கி (ரேடியோ பிரகாசத்தை அளக்கும் அலகு). இங்கேதான் 2015-இன் வழக்கோடு உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இங்கேயும் பக்கத்தில் ஒரு தொடர் மூலம்தான். ஆனால் அதை வைத்து வெடிப்பின் இடத்தைச் சொல்லவில்லை. இடம் முதலில் வெடிப்பிலிருந்தே அளக்கப்பட்டது. பிறகுதான் அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். வில்நிமிட வட்டத்துக்குள் ஏதோ ஒரு மூலம் இருப்பது தற்செயலாக நடக்கும். பத்தில் ஒரு வில்நொடிக்குள் தற்செயலாக ஒன்று வந்து உட்காருவதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு.

இரண்டு அளவுகளையும் இந்த மூலத்தின் தொலைவில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உறைக்கும். அரெசிபோவின் மூன்றரை வில்நிமிடம் அங்கே கிட்டத்தட்ட 23 லட்சம் ஒளியாண்டு. நமக்கும் ஆண்ட்ரோமீடா மண்டலத்துக்கும் உள்ள இடைவெளி அளவுக்கு அருகில் வரும். விஎல்ஏயின் 0.1 வில்நொடி ஏறத்தாழ 1,100 ஒளியாண்டு. மாவட்டத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அலைந்தவருக்குத் தெருவின் பெயரும் கதவு எண்ணும் கிடைத்தது போல.

எதிர்பாராத வீடு

அந்த இடத்தில் ஒளியியல் தொலைநோக்கிகள் காட்டியது 25-ஆம் ஒளிப்பொலிவெண் கொண்ட ஒரு மங்கல் திட்டு. இருண்ட வானில் வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படும் கடைசி விண்மீனைவிட நான்கு கோடி மடங்கு மங்கல். ஹவாயின் மௌனா கியா சிகரத்திலுள்ள ஜெமினி வடக்குத் தொலைநோக்கியால் அதன் நிறமாலையை எடுத்தார்கள். ஆய்வுக்கட்டுரையை முன்னின்று எழுதியவர் அப்போது மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்ரீஹர்ஷ் டெண்டுல்கர்.

நிறமாலையில் ஹைட்ரஜன், ஆக்சிஜன் கோடுகள் தெளிவாக நின்றன. ஆய்வகத்தில் 656.3 நானோமீட்டரில் ஒளிரும் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு, இங்கே சுமார் 783-இல் நின்றது. ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர்க் கோடு 597-க்கு நகர்ந்திருந்தது. இரண்டும் ஒரே விகிதத்தில் நகர்ந்ததிலிருந்து செம்பெயர்ச்சி 0.193. அங்கிருந்து கிளம்பிய ஒளி நம்மை வந்தடைய சுமார் 240 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வழியில் அண்டம் விரிந்ததையும் ஒளி மங்கியதையும் சேர்த்து அளக்கும் ஒளிர்வுத் தொலைவு 972 மெகாபார்செக். செய்திகளில் வந்த '300 கோடி ஒளியாண்டு' என்ற எண் அதுதான்.

வெடிப்புகள் நமது மண்டலத்துக்கு வெளியிலிருந்து வருகின்றனவா என்ற கேள்வி அன்றோடு முடிந்தது. பிரிகை அளவின் கணக்கும் ஒத்துப்போனது: பால்வழியின் தட்டும் ஒளிவட்டமும் போக எஞ்சிய சுமார் 340-இல் பாதியளவு விண்மீன் மண்டலங்களுக்கு இடையேயுள்ள எலக்ட்ரான்களுக்கு, மீதி அந்த மண்டலத்துக்கும் வெடிப்பைச் சூழ்ந்த பகுதிக்கும் என்று பிரித்தால் பொருந்துகிறது.

பலரை வியக்க வைத்தது அந்த மண்டலத்தின் அளவு. குறுக்களவு 13,000 ஒளியாண்டுக்கும் குறைவு. நமது பால்வழிக்கு ஒரு லட்சம். விண்மீன்களின் மொத்த நிறை, முதல் கணிப்பின்படி, சூரியனைப்போல் 4 முதல் 7 கோடி மடங்கு. நமது மண்டலத்தின் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். அண்டத்திலுள்ள விண்மீன்களில் பெரும்பாலானவை பெரிய மண்டலங்களில் இருக்கின்றன. வெடிப்புகளை உண்டாக்குவது சாதாரண நியூட்ரான் விண்மீன்கள்தான் என்றால், முதலில் கண்ட வீடு ஒரு பெரிய மண்டலமாக இருக்க வேண்டும் என்றே யாரும் எதிர்பார்ப்பார்கள். கிடைத்ததோ கனத்த தனிமங்கள் குறைந்த, புதிய விண்மீன்கள் மும்முரமாகப் பிறக்கும் ஒரு குறு மண்டலம். நீண்ட காமா கதிர் வெடிப்புகளும் மிகப் பிரகாசமான சூப்பர்நோவாக்களும் நிகழும் மண்டலங்கள் இதே வகை. அப்படியானால் பெரும் விண்மீன் ஒன்று வெடித்து, அதன் மிச்சமாக உருவான இளம் மேக்னட்டார், அதாவது அசாதாரணக் காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன், இந்தத் துடிப்புகளை அனுப்புகிறது என்ற விளக்கத்துக்குச் செல்வாக்கு ஏறியது.

இன்னும் நெருங்கியபோது

ஐரோப்பிய விஎல்பிஐ வலையமைப்பு, கண்டங்கள் கடந்து நிற்கும் தட்டுகளை இணைத்து மில்லி வில்நொடிகளில் அளப்பது. அரெசிபோவையும் சேர்த்துக்கொண்டு அது பார்த்தபோது சில துடிப்புகள் சிக்கின. பெனிட்டோ மார்கோட்டே குழுவின் முடிவு: துடிப்புகளும் அந்த அணையா மூலமும் ஒன்றுக்கொன்று 40 பார்செக்கிற்குள், அதாவது சுமார் 130 ஒளியாண்டுக்குள் இருக்கின்றன. அணையா மூலத்தின் அளவு 0.7 பார்செக்கைவிடச் சிறியது. இவை இரண்டும் ஒரே பொருளோ, நேரடித் தொடர்புள்ள இரு பொருள்களோதான். ஹப்பிள் தொலைநோக்கி அந்த இடம் மண்டலத்தின் மையத்தில் இல்லை, விளிம்புப் பக்கமாக விண்மீன்கள் செறிந்து பிறக்கும் ஒரு முடிச்சுக்குள் இருக்கிறது என்று காட்டியது.

2018 ஜனவரியில் டேனியல் மிக்கிலி குழு இன்னொரு துப்பைச் சேர்த்தது. காந்தப்புலமும் எலக்ட்ரான்களும் கலந்த வெளியைக் கடக்கும் ரேடியோ அலையின் அதிர்வுத் தளம் சுழலும். தாழ்ந்த அதிர்வெண்ணில் அதிகம் சுழலும். 121102-இன் துடிப்புகளில் இந்தச் சுழற்சி ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லட்சம் ரேடியன் அளவில் இருந்தது. முன்பு இது ஏன் தெரியவில்லை என்பதும் சுவையானது. தாழ்ந்த அதிர்வெண்களில் ஒரே தடத்தின் அகலத்துக்குள்ளேயே தளம் பலமுறை சுழன்று, ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, துடிப்புக்குத் தளவிளைவே (அலைகள் எல்லாம் ஒரே தளத்தில் அதிரும் தன்மையே) இல்லாதது போலத் தோன்றியது. 4 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேலே போய், தடங்களை நுணுக்கமாகப் பிரித்த பிறகு, துடிப்பு ஏறத்தாழ முழுமையாகத் தளவிளைவு பெற்றது என்று தெரிந்தது. இத்தகைய சுழற்சிக்கு மிகத் தீவிரமான சூழல் வேண்டும்: ஒரு பெருங்கருந்துளையின் அண்டை, அல்லது இளம் சூப்பர்நோவா எச்சத்தின் உள்வயிறு. ஏழு மாதத்தில் இந்த எண் பத்து சதவீதம் குறைந்ததும் அந்தச் சூழல் மாறிக்கொண்டிருப்பதைக் காட்டியது.

ஒரு வீட்டை வைத்து ஊரை எடை போடலாமா

இந்த வழக்கின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். இடம் கண்டது அது திரும்ப ஒலித்ததால்தான். பெரும்பாலான வெடிப்புகள் ஒருமுறைதான் பதிவாகியிருக்கின்றன. நமக்குக் கிடைத்த முதல் முகவரி, கண்டுபிடிக்க எளிதானதன் முகவரி.

ஒருமுறை மின்னியதைப் பிடிக்க, மின்னும் நேரத்திலேயே கூர்மையாகப் பார்த்தாக வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆஸ்காப் தொகுதி இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது: 36 தட்டுகளும் கடைசிச் சில நொடிகளின் மூல அலையைத் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டே இருக்கும், வெடிப்பு வந்துவிட்டது என்று கணினி உணர்ந்த மறுகணம் அந்த நினைவகத்தை உறையவைத்து, பிறகு நிதானமாகப் படம் வரையலாம். 2018 செப்டம்பர் 24 அன்று இப்படிப் பிடித்த வெடிப்பு, கீத் பேனிஸ்டர் குழுவின் கட்டுரையாக 2019-இல் வந்தது. செம்பெயர்ச்சி 0.32. வீடு, புதிய விண்மீன்கள் அதிகம் பிறக்காத ஒரு பெரிய மண்டலம். மையத்திலிருந்து சுமார் 13,000 ஒளியாண்டு தள்ளி. அருகில் அணையா ரேடியோ மூலம் எதுவும் இல்லை. 121102-ஐப் பொதுவிதியாக்கியவர்கள் நிதானிக்க வேண்டியதாயிற்று.

பிறகு முகவரிகள் வரிசையாக வந்தன. 16 நாட்களுக்கு ஒருமுறை சுறுசுறுப்பாகும் ஒன்று சுருள் மண்டலத்தில் கிடைத்தது. எம்81 மண்டலத்தின் ஒரு கோள விண்மீன் கொத்துக்குள் இன்னொன்று. அங்கே இருப்பவை முதிய விண்மீன்கள், பெரும் விண்மீன் எதுவும் அண்மையில் வெடித்திருக்க வழியில்லை. இளம் மேக்னட்டார் விளக்கத்துக்கு இதுவரை விழுந்த கடுமையான அடி இதுதான் என்பது என் கருத்து. மாறாக, சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கி கண்ட எஃப்ஆர்பி 20190520பி, குறு மண்டலம், அணையா ரேடியோ மூலம், இடைவிடாத துடிப்பு என 121102-இன் உடன்பிறப்பாகவே அமைந்தது. ஆக முதல் வழக்கு தனித்த விதிவிலக்கு அல்ல, அதேபோல் முழுக் கூட்டத்தின் மாதிரியும் அல்ல.

முகவரிகள் பெருகியதால் இன்னொரு பழைய கணக்கும் தீர்ந்தது. தொலைவு செம்பெயர்ச்சியிலிருந்து தெரிகிறது. இடையிலுள்ள எலக்ட்ரான்களின் கணக்கு பிரிகை அளவிலிருந்து தெரிகிறது. இரண்டையும் சேர்த்தால் விண்மீன் மண்டலங்களுக்கு இடையே எவ்வளவு சாதாரணப் பருப்பொருள் இருக்கிறது என்று நேரடியாக அளக்கலாம். அண்டவியல் கணக்குப்படி இருக்க வேண்டியதில் பெரும்பகுதி தொலைநோக்கிகளுக்குத் தட்டுப்படாமல் இருந்தது. ஜான்-பியர் மக்கார்ட் குழு 2020 மே மாதம் அது அங்கேதான் மெல்லியதாகப் பரவிக் கிடக்கிறது என்று காட்டியது. அடுத்த மாதமே மக்கார்ட் காலமானார். பிரிகைக்கும் செம்பெயர்ச்சிக்கும் உள்ள அந்த உறவு இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

கனடாவின் சைம் தொலைநோக்கி வட அமெரிக்காவில் தொலைதூரத் துணைத் தொலைநோக்கிகளை நிறுவி, ஒருமுறை மின்னுவதையும் விஎல்பிஐ கூர்மையில் அளக்கத் தொடங்கியிருக்கிறது. 2025 மார்ச் 16 அன்று அது பிடித்த வெடிப்பு 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 4141 மண்டலத்திலிருந்து வந்தது. இடத்தின் துல்லியம் சுமார் 13 பார்செக். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அந்த இடத்தில் ஒரு மங்கலான அகச்சிவப்புப் புள்ளியைக் கண்டது. அது துணை விண்மீனா, வெடிப்பின் எதிரொளியா, வெறும் அண்டை விண்மீனா என்பது இனிமேல்தான் தீர வேண்டும். அந்தப் புள்ளி மங்குகிறதா என்று மீண்டும் பார்ப்பதே அதற்கு வழி. 2015-இன் வழக்கை நினைவில் வைத்திருப்பவர்கள் அந்த அளவீடு வரும்வரை முடிச்சுப் போட மாட்டார்கள்.